பேட்டரி ரூம் வாசலில் தண்ணீர் கேட்ட குரல்

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பேயாவது பிசாசாவது, எல்லாம் மனப்பிரமை என்பவர்களோடு சண்டை போடவும் போவதில்லை. கன்னிகாவே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் போன கார்த்திகை மழையில் அவளுக்கு நடந்தது, நிஜமாகவே நடந்தது. சித்தூரில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கதை கட்டுகிற பெண் இல்லை அவள். அன்றிலிருந்து அவள் தனியாக எந்த பேட்டரி ரூமுக்குள்ளும் கால் வைப்பதில்லை.

கன்னிகாவுக்குச் சொந்த ஊர் நகரி. பிறந்த வீட்டில் விசைத்தறி. கட்டிக்கொடுத்தது சித்தூருக்கு. கணவர் ஆதிநாராயணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேட்டரிக் கடை வைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கடையை யாருக்காவது கொடுத்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். கன்னிகா கேட்கவில்லை. காரியம் முடிந்த மறுவாரமே ஷட்டரைத் தூக்கினாள். இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை. கை தானாகச் செய்தது.

ஒரே மகள் ரக்ஷிதா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. சூளூர்பேட்டையில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சில ஞாயிறு மறந்தும் போவாள்.

பகலில் கடையில் ஆட்கள் வந்து போவார்கள். எல்லாமே பேட்டரிப் பேச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கன்னிகா முதலில் டிவியைப் போடுவாள். பார்ப்பதற்கு இல்லை. வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆழாக்கு அரிசி வடித்து, பாதியைச் சாப்பிட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். "சாப்பிட்டியா?" என்று அவளைக் கேட்க யாரும் இல்லை.

அந்த நிலையில்தான் தீனாவிடமிருந்து போன் வந்தது. தீனா திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியைக் கவனித்துக்கொள்ளும் மேனேஜர்.

"மேடம், ஃபேக்டரிக்குப் புது பேட்டரி செட்டு வந்து கீது. ஆசிட் ஊத்தி ரெடி பண்ணிட்டா சாலு, அது போதும். ஆசிட்கூட அங்கயே கீது, பழைய ஸ்டாக்கு."

"பழைய ஸ்டாக்கு வாணாம் சார். நான் கொண்டாறேன்."

"ஆசிட்ல இன்னா மேடம் பழசு புதுசு?"

"கீது சார். வந்து பாத்துட்டு சொல்றேன்."

ஃபேக்டரி பூதலப்பட்டு தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மாம்பழ சீசனில் அங்கே லாரி வரிசை நிற்கும். ராத்திரி பகல் என்று ஷிப்ட் ஓடும். சீசன் முடிந்துவிட்டால் ஈ காக்கை இருக்காது. கன்னிகா போனபோது அப்படித்தான் இருந்தது. கழுவி, துடைத்து, பூட்டிப் போட்ட கூடங்கள். அத்தனை கழுவியும் புளித்த மாம்பழ வாசனை மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டிருந்தது.

வாட்ச்மேன் சலீம் பாய் கேட்டைத் திறந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பழம் வெட்டும் பெரிய கூடத்தைத் தாண்டி ஒரு நீளமான நடை. ஜன்னல் இல்லாத நடை. அதன் கோடியில் பேட்டரி ரூம்.

சலீம் பாய் நடையின் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"அதோ அந்த ரூம்தாம்மா" என்று கையை மட்டும் நீட்டினார்.

அதை அப்போது கன்னிகா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரக்கு ஆட்டோக்காரர் ஆசிட் கேன்களையும், டிஸ்டில்டு வாட்டர் கேன்களையும் இறக்கி வைத்துவிட்டு, எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கன்னிகா ரூமைச் சுற்றிப் பார்த்தாள். புது செல்கள் மர ஸ்டாண்டில் இரண்டு வரிசையாக நின்றன. எல்லாம் இன்னும் ஆசிட் படாதவை. மூலையில் தீனா சொன்ன பழைய ஸ்டாக். லேபிள் கிழிந்த நீலக் கேன். மூடியைத் திருகி ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். லேசான மஞ்சள். இரும்பு கலந்த ஆசிட். இதை ஊற்றினால் யாரும் பயன்படுத்தாமலே பேட்டரி தானாக இறங்கிவிடும். மூடி ஓரமாகத் தள்ளினாள்.

ஆசிட் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கார் பேட்டரிக்கு ஒரு கெட்டி, இப்படி ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும் செல்லுக்கு வேறு கெட்டி. அதுவும் சித்தூர் வெயிலுக்குக் கெட்டி கூடினால் உள்ளே தகடு சீக்கிரம் அரித்துவிடும். செல்லோடு வந்த தாளில் கெட்டி ஆயிரத்து இருநூறு என்று போட்டிருந்தது. கன்னிகா அந்த அளவுக்குத்தான் கலக்க வேண்டும்.

ரப்பர் ஏப்ரன் கட்டினாள். பூட்ஸ், முழங்கை வரை கையுறை, கண்ணாடி. பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். இன்னொரு வாளியில் சோடா மாவு. ஆசிட் எங்கே சிந்தினாலும் அந்த மாவைத் தூவினால் நுரைத்துக்கொண்டு அடங்கிவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் டிஸ்டில்டு வாட்டர். பிறகு அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, நூல் மாதிரி விட்டுக் கலக்கினாள். மாற்றிச் செய்யக்கூடாது. ஆசிட்டில் தண்ணீரைக் கொட்டினால் கொதித்து முகத்தில் அடிக்கும்.

டிரம் சூடானது. தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடு. அது ஆறாமல் செல்லில் ஊற்ற முடியாது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கன்னிகா ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து டிரம் ஆறுவதற்காகக் காத்திருந்தாள்.

ஐந்து மணி சுமாருக்கு நடையின் பாதியிலிருந்து சலீம் பாயின் குரல் கேட்டது.

"அம்மா! ஓடைல தண்ணி ஏறிக்கினே கீது. இப்ப போகலைன்னா நான் வூடு போய்ச் சேர முடியாது. ஆறு மணிக்கு மாத்தாள் துலுக்காணம் வந்துடுவான்."

"சரி பாய். நீங்க போங்க."

"நீயும் வேலைய வுட்டுட்டு வந்துடேன்மா. காலைல பாத்துக்கலாம்."

"கலந்து வெச்சுட்டேன் பாய். பாதில வுட முடியாது."

சலீம் பாய் ஏதோ சொல்ல வந்த மாதிரி நின்றார். அப்புறம் குடை விரியும் சத்தம் கேட்டது. போய்விட்டார்.

டிரம் ஆறியதும் கன்னிகா முதல் வரிசைக்கு ஆசிட் ஊற்றினாள். ஒவ்வொரு செல்லிலும் மேல்கோடு வரைக்கும். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கவனித்தாள். கதவுக்குப் பக்கத்து செல்லில் மட்டும் மட்டம் நன்றாக இறங்கியிருந்தது.

புதுத் தகடு ஆசிட்டைக் குடிக்கும். அது சகஜம்தான். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அடுத்த வரிசைக்குக் கேனை நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மறுபடியும் இறங்கியிருந்தது. அந்த ஒரு செல் மட்டும்.

செல்லில் விரிசலோ என்று குனிந்து அடியில் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது.

எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிச் சுற்றி... மெதுவாகி... நின்றது. மழைச் சத்தம் திடீரென்று பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. கன்னிகா தலையில் மாட்டும் டார்ச்சைப் போட்டுக்கொண்டாள். பேட்டரி விடும் வாயு பற்றிக்கொள்ளும் என்பதால் பேட்டரி ரூமில் அவள் தீக்குச்சி கிழித்ததே கிடையாது. காற்று வர வேண்டுமே என்று கதவை முழுதாகத் திறந்து வைத்தாள்.

நடை முழுக்க இருட்டு. டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்க் கரைந்துவிட்டது.

திரும்பி வந்து அடுத்த வரிசையின் முதல் செல்லின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சளப்... சளப்...

ஈரக்கால் சிமெண்டுத் தரையில் பட்டு நடக்கிற சத்தம். நடையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. அவசரமில்லாத நடை. கதவுக்கு வெளியே, சுவரோரம், வந்து நின்றது. பிறகு சுவரில் முதுகு உரசியபடி யாரோ கீழே உட்காரும் சத்தம்.

"துலுக்காணமா?" என்றாள் கன்னிகா, திரும்பாமலே.

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது.

"மழைல ரொம்ப நனஞ்சுட்டியாப்பா?"

"தண்ணி..."

கரகரத்த குரல். தொண்டை கட்டிப்போய்க் காற்று மட்டும் வருகிற மாதிரி.

பாவம், ஓடையைத் தாண்டி வந்த ஆள் என்று நினைத்தாள். தன் பையிலிருந்து குடிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து, கதவு நிலைக்கு வெளியே தரையில் வைத்தாள். கையில் ஆசிட் கையுறை இருந்ததால் ஆளிடம் நேராக நீட்டவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

பாட்டில் தரையில் உரசி நகர்ந்தது. பிறகு...

களக்... களக்... களக்...

அத்தனை தாகத்தோடு ஒரு மனிதர் குடித்து அவள் கேட்டதே இல்லை.

"மெதுவா குடிப்பா. பொறை ஏறிடப்போவுது."

குடிப்பது நின்றது. பிறகு அந்தக் குரல் கேட்டது.

"ஒண்டியா கீறியா?"

கன்னிகா கேனைக் கீழே வைத்தாள். நான்கு வருடத்தில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள் வாரண்டி கேட்பார்கள். மகள் சம்பளத்தைப் பற்றிப் பேசுவாள்.

"ஆமாம்பா. வூட்டுக்காரரு பூட்டாரு. பொண்ணு தூரத்துல கீது. ஒண்டிதான்."

"நானும்..."

"உனக்கு யாரும் இல்லியா?"

"கேக்க ஆளில்ல..."

அதன் பிறகு கன்னிகா பேசிக்கொண்டே போனாள். வேலை செய்துகொண்டே பேசினாள். கணவர் காபி டம்ளரைக் கீழே விடாமலே போனதைச் சொன்னாள். டிவியைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நிற்பதைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததெல்லாம், முகம் தெரியாத ஒரு வாட்ச்மேனிடம், சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள். வெளியிலிருந்து அவ்வப்போது "ம்..." என்று சத்தம் வந்தது. அவளுக்கு மனசு லேசானது. அதுதான் இன்றைக்கும் அவளுக்கு நினைத்தால் உடம்பைக் குலுக்குகிறது. அந்த அரை மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

சுர்ர்ர்...

மிகச் சின்னச் சத்தம். வேறு யாராக இருந்தாலும் மழையில் அது காதில் விழுந்திருக்காது. கன்னிகாவுக்குத் தெரியும். ஆசிட் சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தால் வரும் சத்தம் அது.

எங்கே சிந்தியது? டிரம்மைப் பார்த்தாள். இல்லை. ஸ்டாண்டுக்குக் கீழே பார்த்தாள். இல்லை.

சுர்ர்ர்...

கதவுப் பக்கம்.

டார்ச்சைத் திருப்பினாள். நிலைக்கு வெளியே, ஆள் உட்கார்ந்திருக்க வேண்டிய சுவரோரத்திலிருந்து, ஈரம் கசிந்து வந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

ஒரு கைப்பிடி சோடா மாவை எடுத்து அதன் மேல் வீசினாள்.

புஸ்ஸென்று பொங்கியது.

அவள் அங்கே ஆசிட் எதையும் கொண்டுபோகவில்லை. அவள் வைத்தது குடிக்கிற தண்ணீர். வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர்.

"துலுக்காணம்... காலுல ஆசிட் எதுனா பட்டுச்சா?"

பாட்டில் மறுபடியும் நிலைக்குப் பக்கத்தில் நின்றது. அவள் வைத்த அதே இடத்தில். பாதித் தண்ணீர் மிச்சம். அது எப்போது திரும்பி வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வாய் உலர்ந்துபோயிருந்தது. ஆசிட் நெடி வேறு. யோசிக்காமல் கையுறையைக் கழற்றினாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். வாசலுக்கு வந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, வாய்க்குக் கொண்டுபோனாள்.

பாட்டில் சூடாக இருந்தது.

மழைக் குளிரில்... தரையில் கிடந்த பாட்டில்... உள்ளங்கையில் சுட்டது.

அந்தச் சூடு அவளுக்குத் தெரியும். மத்தியானம் முழுக்க டிரம்மைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த சூடு. தண்ணீரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருகிற சூடு.

கை அப்படியே நின்றது.

பாட்டிலை மெதுவாகச் சாய்த்து, தரையில் கிடந்த சோடா மாவில் ஒரு சொட்டு விட்டாள்.

பொங்கியது.

"குடிக்கலியா?" என்றது குரல்.

இந்த முறை குரல் தரையிலிருந்து வரவில்லை. நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் உயரத்திலிருந்து வந்தது. நிலைக்கு மிக அருகில்.

கன்னிகா பின்னால் நகர்ந்தாள். டார்ச் வெளிச்சம் வாசலில் ஆடியது. வாசலில் யாரும் இல்லை. வெறும் இருட்டு.

"நான் மட்டும் குடிச்சேன்..."

போன் அடித்தது. அவள் அலறியே விட்டாள். ரக்ஷிதா.

"அம்மா, புயல்னு சொல்றாங்களே, வூட்டுலதான கீறே?"

"ரக்ஷி... ரக்ஷி, லைன வெச்சுடாதடி. பேசிக்கினே இரு."

"இன்னாம்மா ஆச்சு? பக்கத்துல யாரு?"

கன்னிகாவுக்கு அப்போது மழைச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"யாருமில்லியே..."

"தண்ணி கேக்கறாங்களேம்மா. உன் காதுகிட்டயே. குடேன்."

லைன் அறுந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கதவை நோக்கி ஓடினாள். சாத்தித் தாழ் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. கதவைப் பாதி தள்ளிவிட்டாள்.

"மூடாதம்மா..."

அழுதது அந்தக் குரல்.

"கதவ மூடாதம்மா... மூடிடாத..."

மிரட்டல் இல்லை அது. கன்னிகா சத்தியம் செய்து சொல்கிறாள். கெஞ்சல். ராத்திரி முழுக்க ஒரு வாசலில் கிடந்து கெஞ்சுகிறவர்களின் குரல் அது. நக நுனியால் கதவின் அடிப்பலகையைச் சுரண்டும் சத்தமும் கேட்டது.

கர்ர்... கர்ர்...

கன்னிகாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது.

தாழ் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று அவளால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

இன்னும் திறக்காத டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று பக்கத்தில் இருந்தது. இருபது லிட்டர். இரண்டு கையாலும் அதைத் தள்ளினாள். கதவு இடுக்கு வழியாக, நிலையைத் தாண்டி, வெளியே உருட்டிவிட்டாள்.

"குடி" என்றாள். "எல்லாம் உனக்குத்தான். நான் கதவ மூடல. இங்கயேதான் கீறேன். குடி."

சுரண்டல் நின்றது.

ஒரு நொடி...

இரண்டு நொடி...

களக்...

களக்... களக்...

களக்... களக்... களக்... களக்...

அது நிற்கவே இல்லை.

கன்னிகா செல் ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடினால் சத்தம் பெரிதானது. திறந்தால் வாசல் தெரிந்தது.

களக்... களக்...

மழை விட்டது.

சத்தமும் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாள் என்று தெரியவில்லை. தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. நடையில் வெளிச்சம் ஆடியது. "அம்மா! அம்மா!" என்று சலீம் பாய் கத்திக்கொண்டே ஓடி வந்தார். பகலில் பாதி நடையைத் தாண்டாதவர், இப்போது கதவு வரைக்கும் ஓடி வந்தார்.

"துலுக்காணம் போன் பண்ணான்மா. ஓடை தாண்ட முடியல, வர்ல, வூட்டுலயே கீறேன்னு சொன்னான். கேட்டதும் எனக்கு உசுரே போச்சு. நீ எதுனா குடிச்சியா? சொல்லும்மா, எதுனா குடிச்சியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

வெளியே கேன் கவிழ்ந்து கிடந்தது. சலீம் பாய் அதைக் காலால் தள்ளினார். லேசாக உருண்டது. காலி. கன்னிகா குனிந்து மூடியைப் பார்த்தாள். கம்பெனி சீல் உடையவில்லை. தரை முழுக்கக் காய்ந்திருந்தது. வாசலிலிருந்து நடை நெடுக மட்டும், ஆசிட் அரித்த வெள்ளைத் தடம் ஒன்று போயிருந்தது. நடந்து போன தடம் இல்லை. ஊர்ந்து போன தடம்.

கன்னிகா சாமான் எதையும் எடுக்கவில்லை. டிராக்டரில் ஏறி வந்துவிட்டாள். மறுநாள் தீனாவுக்குப் போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. "சரே மேடம்" என்று உடனே வைத்துவிட்டான். அதுதான் அவளை யோசிக்க வைத்தது.

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். ரக்ஷிதா லீவு போட்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டுக் கடை திறந்த அன்று சலீம் பாய் வந்தார். அவள் விட்டுவிட்டு வந்த சாமான்களையெல்லாம் ஒரு சாக்குப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தாள். அவர் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், யாரு அந்த ஆளு?"

"ஆளு இல்லம்மா. பொம்பள."

கன்னிகாவுக்குப் புரியவில்லை. "ஆம்பளக் குரல் பாய். நான் பேசினேனே."

"தொண்ட வெந்து போனா ஆம்பள இன்னா, பொம்பள இன்னாம்மா?"

அவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார். தேவசேனா என்று பெயர். ராமகுப்பம் பக்கத்திலிருந்து சீசனுக்குப் பழம் வெட்ட வந்தவள். யாருமில்லாத பெண். சில சீசனுக்கு முன்னால், ராத்திரி ஷிப்டில், தாகமாக இருக்கிறதென்று நடை ஜன்னல் மேடையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். எலக்ட்ரீஷியன் அதில் பேட்டரி ஆசிட்டைப் பிடித்து வைத்திருந்தான். மேலே ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"கத்த முடியலம்மா அதுக்கு. மிஷின் சத்தம் வேற. பேட்டரி ரூம்ல லைட்டு எரியறதப் பாத்துட்டு ஊர்ந்துக்கினே போயி கதவச் சொரண்டிகீது. உள்ளே எலக்ட்ரீஷியன் இருந்தான். தண்ணி, தண்ணின்னு கேட்டுதாம். எவனோ குடிகாரன்னு நெனச்சு, தாழ் போட்டுக்கினு படுத்துட்டான். காலைல கதவத் தொறந்தா... வாசல்லயே..."

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பொணத்த வாங்கக்கூட ஒருத்தரும் வர்ல. அந்த ஜன்னல அப்பால செவுரு வெச்சு மூடிட்டாங்க."

"ஏன் பாய் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"வேல போய்டும்னு தீனா சார் மெரட்டி வெச்சிருந்தாரு. அதுவுமில்லாம துலுக்காணம் வந்துடுவான்னு நெனச்சேன். கூட ஒரு ஆளு இருந்தா அது வராதும்மா. ஒண்டியா இருந்தாத்தான் வரும்."

சாக்குப் பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

"உன் பாட்டிலத் திருப்பிக் குடுத்துச்சா?"

"குடுத்துச்சு. பாதி மிச்சம் வெச்சு."

சலீம் பாயின் முகம் வெளுத்துவிட்டது.

"போன வருசம் திருப்பதிலேந்து ஒருத்தன் வந்தான்மா, இதே வேலைக்கு. சின்ன வயசு. அன்னிக்கும் மழ. சாயந்திரம் எனக்குப் போன் பண்ணான். 'பாய், உங்க நைட் வாட்ச்மேன் தண்ணி கேட்டான். என் பாட்டிலக் குடுத்தேன். பாதி குடிச்சுட்டு, மீதிய எனக்கே வெச்சுட்டான், நல்ல மனுசன்'னு சிரிச்சான். பேசிக்கினே ஒரு மடக்கு குடிச்சான். எனக்குக் கேட்டுச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கும் துலுக்காணம் லீவும்மா."